முதல் படியின் உயரம்

அனுமதி அலுவலகத்திலிருந்து மூன்றாவது முறையாகத் திரும்பி வந்த கோப்பில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. முதல் முறை, எட்டாம் பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போனதற்காகத் திருப்பினார்கள். இரண்டாம் முறை, புகைப்படங்கள் கறுப்பு வெள்ளையில் அச்சாகியிருந்ததற்காக. இந்த முறை கேட்டிருந்த கேள்வி நியாயமானது. அதனாலேயே தீபிகாவுக்கு எரிச்சல் அதிகமாக வந்தது.

"மூல வரைபடத்தில் முதல் படியின் உயரம் தரையிலிருந்து பதினைந்து அங்குலம். கடைசியாக வெளிவந்த வண்டியில் இருபதே முக்கால். மாற்றம் எப்போது, எந்தக் காரணத்துக்காகச் செய்யப்பட்டது? வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தரவும். தவறினால் இந்த மாடலுக்கான அனுமதி புதுப்பிக்கப்படாது."

மாடலின் பெயர் டவுன் நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டு இருக்கைகள் உள்ள நகரப் பேருந்து. சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் இருக்கும் இளவழகனின் பட்டறை, இருபத்தொரு வருடமாக இதை மட்டும்தான் கட்டுகிறது. கம்பெனியிலிருந்து எஞ்சினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம் வரும். அதன்மேல் தகரம், இருக்கை, ஜன்னல், படி எல்லாம் வைத்து பஸ் ஆக்கி அனுப்புவார்கள். இதுவரை நாற்பத்தேழு வண்டிகள். நாற்பத்தெட்டாவது கொட்டகையில் நின்றது. அனுமதி போனால் அது அங்கேயே நிற்கும். இருபத்து மூன்று பேருக்கு வேலையும் நிற்கும். தீபிகா அங்கே சேர்ந்து நான்கு மாதம். டிசைன் என்ஜினியர் என்று போட்டுத்தான் எடுத்தார்கள். டிசைன் எங்கே இருக்கிறது என்று முதல் நாள் கேட்டபோது, முதலாளி இளவழகன் கொட்டகையில் நின்ற வண்டியைக் கைகாட்டினார்.

திங்கட்கிழமை காலை அவள் கோப்பை அவர் மேசைமேல் வைத்தாள்.

"இதுக்கென்னங்க யோசனை," என்றார் இளவழகன். "சேலத்துல ஒரு மழை பேஞ்சா ரோட்டுல முழங்கால் தண்ணி. பஸ்ஸுக்குள்ள தண்ணி ஏறக்கூடாதுன்னுதான் அப்பா படியைத் தூக்கினாரு. அப்படியே எழுதிடுங்க."

"எந்த வருசம் தூக்கினாருங்க சார்?"

"அது தெரியலீங்க."

"அப்பா இறந்தது எப்பங்க?"

"ரெண்டாயிரத்து ஒம்போது."

டேப் வைத்து எடுத்த ஒரு படத்தைத் தீபிகா தன் கைப்பேசியில் காட்டினாள். 2012-இல் வெளிவந்த வண்டியின் படி பதினெட்டு அங்குலம்கூட இல்லை. அப்பா போன பிறகும் படி உயர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. இளவழகன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "ஃபோர்மேனைக் கேளுங்க" என்றார்.

ஃபோர்மேன் சின்னண்ணன், முதல் வண்டியிலிருந்து இருப்பவர். அடிச்சட்டத்தில் ஒரு ஆணி தவறினால் அடுத்த தெருவிலிருந்து கண்டுபிடிப்பார் என்று பட்டறையில் சொல்வார்கள். அதை அவரும் மறுப்பதில்லை.

"ஸ்பீடு பிரேக்கருங்க அம்மிணி," என்றார். "முன்னெல்லாம் ஏதுங்க அது. இப்ப ஊட்டுக்கு ஊடு ஒண்ணு போட்டு வெச்சிருக்கறான். படி இடிச்சு நசுங்கிப் போகுமல்லங்க. அதுக்குத்தான் ஒசத்துனது."

"நீங்களா ஒசத்துனீங்க?"

"நான் எதுக்குங்க ஒசத்தறேன். மொதலாளி சொல்லியிருப்பாரு."

"எந்த மொதலாளி?"

"பெரியவரு."

"பெரியவரு போய் பதினாறு வருசமாச்சுங்களேண்ணா."

"அப்ப சின்னவரு."

வெல்டர்கள் சிரிப்பதை மறைக்கக் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்கள். மரம் அறுக்கும் தங்கமுத்து மட்டும் கண்ணாடி இல்லாததால் நேராகவே சிரித்தார்.

அன்று மதியமே தீபிகா ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நாற்பத்தேழு வண்டிகளில் எவை எங்கே ஓடுகின்றன என்பதற்குப் பட்டறையில் பட்டியல் எதுவும் கிடையாது. காலண்டரின் பின்பக்கத்தில் சில பதிவு எண்கள் இருந்தன. மீதி எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் ஆளுக்கு ஒரு மாதிரி. ஒன்பதாவது வண்டி ஆத்தூரில் இருக்கிறது என்றார் ஒருவர். அதை அன்று காலைதான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பார்த்ததாகச் சொன்னார் இன்னொருவர். இரண்டாமவர் சொன்னதே சரியாக இருந்தது. முதல் வண்டி நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் தீவன மூட்டை வைக்கும் அறையாக நின்றது. அதற்குச் சக்கரமே இல்லை, செங்கல்மேல் உட்கார்ந்திருந்தது. தரையிலிருந்து படியின் உயரம் ஏழு அங்குலம். அதை நோட்டில் எழுதி, அடித்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் செவ்வாய்ப்பேட்டையில் நின்றாள். மளிகைக் கடைகளுக்கு முன்னால் மூட்டை இறக்கும் வண்டிகள், ஆட்டோக்கள், அவற்றுக்கு நடுவே பஸ் நிற்கும் அரை நிமிடத்தில் குனிந்து டேப்பை வைக்க வேண்டும். தனியார் டவுன் பஸ்ஸின் கண்டக்டர் ஒருவர் கதவில் நின்றபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னம்மா, பஸ்ஸுக்குப் பேண்ட் தைக்கப் போறீங்களா?"

"படி எவ்வளவு உசரம்னு பாக்கறேங்க."

"அது எதுக்குத் தெரியுமா உசரமா வெச்சிருக்கான்? படிக்கட்டுல தொங்குற பசங்களைக் குறைக்க. நல்ல ஐடியா. ஆனா பாருங்க, பசங்க தொங்கத்தான் செய்யறானுங்க. வயசானவங்கதான் ஏற மாட்டேங்கறாங்க."

மூன்றாவது காரணம். நோட்டில் இதையும் எழுதினாள். வண்டி முப்பத்தொன்று, பதினெட்டு அங்குலம், ஆறு நூல். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பட்டறையில் மில்லிமீட்டர் என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பதால் அவளும் நான்கு மாதத்தில் நூலுக்கு மாறியிருந்தாள்.

பக்கத்தில் பையோடு நின்ற அம்மாள், ஐம்பத்தைந்து வயதிருக்கும், பஸ் போன பிறகு கேட்டார். "ஏம்மா, அந்தப் படியை எறக்கப் போறாங்களா?"

அவர் பெயர் ராசம்மாள். கடைவீதியில் சீயக்காய், மஞ்சள் பொட்டலம் போடும் வேலை.

"தெரியலீங்கம்மா. ஏன் கேக்கறீங்க?"

"காலையில வர்ற பஸ்ஸுல நல்லா ஏறிடறேன். சாயங்காலம் திரும்பற பஸ்ஸுல ஏற முடியல. பின்னாடி நிக்கறவங்க தள்ளி ஏத்தி விடணும். டாக்டர்கிட்ட போனேன். நாளெல்லாம் உக்காந்து வேலை செஞ்சா சாயங்காலம் முட்டி இறுகும்னாரு. எட்டு மாசமா மாத்திரை சாப்பிடறேன்."

"காலையில எந்த பஸ்ஸுங்க?"

ராசம்மாள் சொன்னார். அது ஒன்பதாவது வண்டி. சாயங்காலம் வருவது முப்பத்தொன்று. தீபிகா நோட்டைப் பார்த்தாள். ஒன்பதாவதின் படி சரியாகப் பதினாறு அங்குலம்.

"அம்மா, மாத்திரையை விட்டுடாதீங்க. ஆனா சாயங்கால பஸ்ஸோட படி, காலை பஸ்ஸைவிட ரெண்டே முக்கால் இஞ்சு ஒசரம்."

"எட்டு மாசம்," என்றார் ராசம்மாள். பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

புதன்கிழமை காலை வெண்ணந்தூர் தடத்தில் ஓடும் பன்னிரண்டாவது வண்டியையும், சங்ககிரி நிலையத்தில் மூன்று வண்டிகளையும் அளந்தாள். மொத்தம் பதினான்கு அளவுகள். மதியம் அலுவலக அறையில் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்தாள். டயர் தேய்மானம், ஸ்பிரிங் பட்டை இறங்கியது என்று ஒரு நூல், இரண்டு நூல் முன்னே பின்னே இருந்தன. ஆனாலும் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் ஏறின. மழையால் தூக்கியிருந்தால் ஏதோ ஒரு வருடத்தில் சட்டென்று ஏறியிருக்க வேண்டும். ஸ்பீடு பிரேக்கருக்காக என்றாலும் அப்படித்தான். இது வண்டிக்கு ஒரு நூல். நாற்பத்தாறு தடவை, ஒரு தடவைகூட விடாமல்.

இதில் இன்னொரு கூத்தும் இருந்தது. இரண்டாம் படியும் உள்தளமும் அடிச்சட்டத்தோடு பொருத்தப்படுபவை. அவை நகரவே இல்லை. முதல் படி மட்டும் ஏறிக்கொண்டே போய், இப்போது முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் நாலேகால் அங்குலம்தான் இடைவெளி. தரையிலிருந்து மலை ஏறுவது போல ஒரு எட்டு, அதன்பிறகு வாசற்படி தாண்டுவது போல ஒரு எட்டு. தினமும் நூற்றுக்கணக்கானவர்கள் அதில் ஏறி இறங்குகிறார்கள். ஒருவரும் பட்டறைக்கு வந்து கேட்டதில்லை.

அவள் வெளியே வந்தபோது சின்னண்ணனும் தங்கமுத்துவும் கொட்டகையில் முட்டுக்கட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். படி என்பது வண்டியில் கடைசியாக வைப்பது. மற்ற வேலையெல்லாம் முடிந்து, வண்டி தன் சக்கரத்தில் நின்ற பிறகு, படித் தகட்டை இரண்டு மரக்கட்டைகள்மேல் வைத்து, அப்படியே வெல்டு பிடிப்பார்கள். கட்டையின் உயரம்தான் படியின் உயரம்.

"இந்தக் கட்டைக்கு அளவு எங்கேருந்து எடுக்கறீங்கண்ணா?"

சின்னண்ணன் காலடியில் கிடந்த பழைய கட்டையைக் காட்டினார். "போன வண்டிக்கு வெச்சது இதுங்க. இதைப் பக்கத்துல வெச்சு, இதே அளவுக்குப் புதுசு வெட்டறது."

"பழசையே திரும்ப வைக்கலாமே?"

தங்கமுத்து பிளேடிலிருந்து கையெடுத்துத் திரும்பினார். இதைக்கூடவா படிக்கவில்லை என்பது போல இருந்தது அவர் முகம்.

"அது ஆகாதுங்க," என்றார் சின்னண்ணன். "ஒரு வண்டிக்கு முட்டுக் குடுத்தது இன்னொரு வண்டிக்குக் குடுக்கக் கூடாது. குடுத்தா அந்த வண்டி வழியில நின்னு நின்னு போகும். வண்டி வெளிய போற அன்னிக்கு, முன்னால அடுப்பு வெச்சு, அதுக்கு முந்தின வண்டியோட கட்டையை எரிச்சுத்தான் பால் காச்சறோம். நீங்ககூட போன தடவை பால் குடிச்சீங்களே."

குடித்திருந்தாள். சர்க்கரை அதிகம்.

"அப்போ மொத வண்டிக்கு வெச்ச கட்டை?"

"எரிச்சாச்சு."

"அதை வெச்சு வெட்டுனது?"

"அதையும் எரிச்சாச்சு. எல்லாத்தையும் எரிச்சாச்சுங்க. இந்த வண்டி போறப்ப இதையும் எரிச்சிருவோம்."

"சரிங்கண்ணா. இப்ப வெட்டுங்க, நான் பாக்கறேன்."

சின்னண்ணன் பழைய கட்டையைப் புது ரீப்பர் மரச்சட்டத்தின்மேல் வைத்தார். அதன் முனையில் பென்சிலை வைத்தவர், கோடு போடும் முன் ஒரு நூல் அளவு வெளியே தள்ளினார். பிறகு கோடு போட்டார்.

"அது எதுக்குங்கண்ணா தள்ளுனீங்க?"

"பிளேடு தின்னுமுங்க. ஒரு நூல் மரத்தைப் பிளேடு தின்னுரும். அதுக்கு விடணுமல்ல."

தங்கமுத்து ரீப்பரை வாங்கி மிஷின்மேல் வைத்தார். பிளேடு கோட்டுக்கு வெளிப்பக்கம் நிற்குமாறு நகர்த்தி, கோடு தெரியும்படியே வெட்டினார்.

"நீங்க ஏங்க கோட்டுக்கு வெளியில வெட்டறீங்க?"

"பிளேடு தின்னுமல்லங்க," என்றார் தங்கமுத்து. "கோட்டு மேலயே வெச்சா அளவு கொறஞ்சு போகும்."

தீபிகா புதுக் கட்டையை எடுத்துப் பழைய கட்டைக்குப் பக்கத்தில் தரையில் நிறுத்தினாள். புதுசு ஒரு நூல் உயரமாக இருந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை.

"ஏன்டா," என்றார் சின்னண்ணன் கடைசியில். "நான்தான் விட்டுக் கோடு போடறேன்ல? நீ எதுக்குடா மறுபடியும் விடறே?"

"நீங்க விடறது எனக்கு எப்படிங்க தெரியும்? கோட்டை மட்டுந்தான குடுக்கறீங்க."

"இருபத்தொரு வருசமா எங்கூட வெட்டறே. தெரியாதா?"

"இருபத்தொரு வருசமா நீங்க சொன்னீங்களா?"

"மொத வண்டியில இருந்தே நீங்களாங்க வெட்டுனீங்க?" என்று தங்கமுத்துவைக் கேட்டாள் தீபிகா.

"ரெண்டாவதுல இருந்துங்க. மொதல்ல பெரியவரே வெட்டுனாரு."

அதனால்தான் அவள் போட்ட கோட்டைப் பின்னால் நீட்டினால் முதல் வண்டி மட்டும் வரைபடத்தோடு ஒத்துப்போனது. தீபிகா ஒரு கவிழ்த்த டின்மேல் உட்கார்ந்தாள். மழை, ஸ்பீடு பிரேக்கர், தொங்கும் பையன்கள். எவ்வளவு யோசித்து, எவ்வளவு அக்கறையோடு கண்டுபிடித்த காரணங்கள். படியை யாரும் உயர்த்தவே இல்லை.

இளவழகனிடம் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. வந்து தானே இரண்டு கட்டைகளையும் நிறுத்திப் பார்த்தார். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவளைக் கூப்பிட்டார்.

"மழைத்தண்ணின்னே எழுதிருங்க."

"சார், பதினாலு வண்டியோட அளவு இருக்கு. ஒரே நேர்கோடு. மழை அப்படியா வண்டிக்கு ஒரு நூல் ஏறும்?"

"அவங்க கோடெல்லாம் போட்டுப் பாக்கப் போறாங்களா? இதை எழுதிக் குடுத்தா இந்தப் பட்டறையை யாருங்க மதிப்பாங்க? சுத்துவட்டாரத்துல எத்தனை பாடி பில்டிங் இருக்குது. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள டீக்கடையில பேசுவான்."

"கையெழுத்து நான் போடணும் சார். பொய்யின்னு கண்டுபிடிச்சா மாடலோட என் பேரும் போகும். உங்க அனுமதியும் போகும்."

"உண்மையை எழுதினா மட்டும் இருக்குமா?"

உண்மையை எழுதினால் அவர்கள் சிரித்துவிட்டுத் தள்ளவும் செய்யலாம் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

"சரி, ஒண்ணு செய்யலாம்," என்றாள். "ரெண்டு காரணமும் எழுத வேண்டாம். சின்னண்ணனைக் கூட்டிட்டு நேர்ல போவோம்."

வியாழக்கிழமை முழுவதும் சின்னண்ணன் வர மாட்டேன் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது: கோடு போட்டவன் மட்டும் எதற்குப் போக வேண்டும், வெட்டினவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். தங்கமுத்து, கோட்டைக் கொடுத்தவர்தான் அளவுக்குப் பொறுப்பு என்றார். சாப்பாட்டு நேரத்தில் இருவரும் வேறு வேறு மூலையில் உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறந்தார்கள். கடைசியில் இளவழகன், அனுமதி இல்லாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து கேட்டைத் திறக்க வேண்டியதே இல்லை என்றார். சின்னண்ணன் வெள்ளிக்கிழமை காலை சலவைச் சட்டையோடு வந்து காரின் பின் சீட்டில் ஏறினார்.

அனுமதி அலுவலகத்தில் இருந்த அதிகாரி நடுத்தர வயதுக்காரர். மேசைமேல் இதே மாதிரி கோப்புகள் ஒரு முழ உயரத்துக்கு இருந்தன. தீபிகாவின் கட்டத்தாளை எடுத்துப் பார்த்தார். புள்ளிகளை விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"காரணம் எழுதவே இல்லையே?"

இளவழகன் தொண்டையைக் கனைத்தார். "மழைக்காலத்துல சார்..."

"இந்த மாசம் மழைன்னு சொல்றது நீங்க நாலாவது ஆள்," என்றார் அதிகாரி. தலையை நிமிர்த்தவில்லை. "மூணு பேருக்கும் திருப்பி அனுப்பிட்டேன்."

"ரெண்டு பேருமே ஒரு நூல் விட்டோமுங்க," என்றார் சின்னண்ணன்.

அதிகாரி இப்போது நிமிர்ந்தார். சின்னண்ணன் எழுந்து நின்று, மேசைமேல் இருந்த அடிக்கோலையும் பென்சிலையும் எடுத்து, கோடு எப்படிப் போட்டார், பிளேடு எங்கே நின்றது, கட்டை ஏன் எரிந்தது, எல்லாவற்றையும் செய்து காட்டினார். பால் காய்ச்சுவதையும் விடவில்லை. அதிகாரி ஒரு தடவை சிரிக்கப் பார்த்தார். சின்னண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"பேரு எழுதுவீங்களா சாமி?" என்று கேட்டார் சின்னண்ணன்.

"ஃபாரத்திலே பேருக்குக் கட்டம் கிடையாது." அதிகாரி காரணம் என்ற இடத்தில் 'தயாரிப்பு முறையில் ஏற்பட்ட அளவுப் பிழை' என்று எழுதினார். "புது வண்டியிலே படி பதினஞ்சு அங்குலம் இருக்கணும். ஏற்கெனவே ஓடற வண்டி எல்லாத்திலேயும் ஆறு மாசத்துக்குள்ள படியை இறக்கி, ஒவ்வொண்ணுக்கும் போட்டோ அனுப்பணும். அதுவரைக்கும் தற்காலிக அனுமதி. ஒரு வண்டி விட்டுப்போனாலும் ரத்து."

திரும்பி வரும்போது இளவழகன் வழி நெடுக பஸ் முதலாளிகளுக்குப் போன் செய்தார். ஒருவர், வண்டியை ஒரு நாள் நிறுத்தினால் தடத்தை வேறொருவன் பிடித்துக்கொள்வான் என்றார். ஒருவர், படி நன்றாகத்தானே இருக்கிறது, எதற்குத் தொந்தரவு என்றார். ஆத்தூர்க்காரர் பெயிண்டும் அடித்துத் தருவதாக இருந்தால் அனுப்புவதாகச் சொன்னார். கோழிப்பண்ணைக்காரர், தன் வண்டிக்குச் சக்கரமும் போட்டுத் தருவீர்களா என்று கேட்டார். முதல் வண்டியில் பிழையே இல்லை என்று தீபிகா நினைவுபடுத்தினாள். அதற்குள் இளவழகன் சக்கரத்துக்கு விலை விசாரிக்க ஆரம்பித்திருந்தார்.

சனிக்கிழமை காலை தீபிகா பட்டறைக்குள் நுழைந்தபோது, நாற்பத்தெட்டாவது வண்டிக்கான கட்டை ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. சின்னண்ணனும் தங்கமுத்துவும் மூன்று நாளுக்குப் பிறகு ஒரே இடத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வெட்டிட்டீங்களா? நான் வர்ற வரைக்கும் இருக்கச் சொன்னேனே."

"அதெல்லாம் கரெக்டா வெட்டியாச்சுங்க அம்மிணி," என்றார் சின்னண்ணன். "டேப்பு வெச்சுப் பதினஞ்சு இஞ்சுக்குக் கோடு போட்டேன். ஒரு நூலு வெளிய விடல."

"நானும் விடலீங்க," என்றார் தங்கமுத்து. "நேத்து இவரு பட்ட பாட்டைக் கேட்டதுக்கப்பறம் வெளிய வெப்பனுங்களா? பிளேடைக் கோட்டுக்கு உள்ளயே வெச்சு வெட்டிட்டேன்."

தீபிகா டேப்பை எடுத்தாள். பதினான்கு அங்குலம், ஏழு நூல்.

அவள் டேப்பைத் திருப்பி அவர்கள் பக்கம் காட்டினாள். சின்னண்ணன் குனிந்து பார்த்தார். தங்கமுத்து டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சின்னண்ணனின் தோள்மேல் எட்டிப் பார்த்தார்.

"நீ ஏன்டா உள்ள வெச்சே?"

"நீங்கதான் வெளிய விடலைன்னு சொல்லவே இல்லையே."

தீபிகா சுவரோரம் போனாள். சாய்த்து வைத்திருந்த ரீப்பர்களில் ஒன்றை எடுத்து, மிஷின் பக்கத்தில் போட்டாள். பென்சிலைச் சின்னண்ணனிடமிருந்து வாங்கிக்கொண்டு, டேப்பை விரித்துத் தானே கோடு போட்டாள். பிறகு மிஷினுக்கு இந்தப் பக்கம் சின்னண்ணனையும் அந்தப் பக்கம் தங்கமுத்துவையும் நிறுத்தி, பிளேடுக்கு ஒரு நூல் விடுவது யார், விடாதது யார் என்று வெட்டும் முன்பே இருவரையும் உரக்கச் சொல்ல வைத்தாள்.